வகை பொருந்தினால் போதுமா? ஃபோர்ட்ரான் செயற்கூற்றைப் பைத்தானிலிருந்து அழைப்பது குறித்து

கேள்வி (ஏப்ரல் 16, தொண்டியிலிருந்து)

கடல் ஏற்றவற்ற உயரத்தைக் கணக்கிடும் பழைய ஃபோர்ட்ரான் செயற்கூறு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை லைப்ரரியாக்கி, சி மொழி லைப்ரரிகளை அழைக்க உதவும் பைத்தானின் சிடைப்ஸ் வழியாக அழைக்கிறேன். மணியைக் கொடுத்தால் மீட்டரில் உயரம் வர வேண்டும். 0.62 போன்ற எண்ணை எதிர்பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பெரிய முழு எண் வருகிறது. இரு பக்கமும் தசம எண்தான். வகை பொருந்தினால் எந்த மொழியும் எந்த மொழியையும் அழைக்கலாம் என்பதே என் கருத்து. பழுது லைப்ரரியிலா, பைத்தானிலா?

ஏப்ரல் 16, இரவு

இரண்டிலும் பழுதில்லை. திரும்பி வரும் மதிப்பின் வகையை நீங்கள் சொல்லாவிட்டால், சிடைப்ஸ் அதைச் சி மொழியின் முழு எண் வகையான இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட் லினக்ஸ் கணினியில் முழு எண் ஆர்ஏஎக்ஸ் என்ற ரிஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில்) திரும்பும். தசம எண் எக்ஸ்எம்எம்0 என்ற வேறொரு ரிஜிஸ்டரில் திரும்பும். உங்கள் செயற்கூறு 0.62-ஐ உரிய இடத்தில் வைத்துவிட்டுத்தான் போகிறது. பைத்தான் அந்தப் பக்கம் பார்க்காமல், ஆர்ஏஎக்ஸில் வேறு ஏதோ வேலை விட்டுப்போன மிச்சத்தை எடுத்துவந்து உங்களிடம் நீட்டுகிறது. ரெஸ்டைப் என்ற பண்பில் சி_டபிள் என்று அறிவித்துப் பாருங்கள்.

"வகை பொருந்தினால் போதும்" என்பது ஒரே மொழிக்குள் உண்மை, ஏனெனில் அங்கே அழைப்பவரையும் அழைக்கப்படுபவரையும் ஒரே கம்பைலர் பார்க்கிறது. இரண்டு மொழிகள் சந்திக்கும் இடத்தில் இரு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஆள் எவரும் இல்லை. தொகுத்த துண்டுகளை ஒன்றாக்கும் லிங்கர் பார்ப்பது பெயரை மட்டுமே. பெயர் ஒத்துவிட்டால் இணைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எந்த இடத்தில் மதிப்பை வைப்பது, எத்தனை பைட், மதிப்பா முகவரியா, நினைவகம் யாருடையது என்ற உடன்பாடு முழுவதும் நிரல் எழுதுபவரின் பொறுப்பு.

ஏப்ரல் 17, காலை

ரெஸ்டைப்பை மாற்றிய பிறகு, இப்போது எந்த மணியைக் கொடுத்தாலும் 0.000000 என்றே வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது முன்னேற்றம். ஆறு இலக்கத்துக்குச் சுருக்காமல் அப்படியே அச்சிட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 17, சற்று நேரம் கழித்து

5.23 × 10⁻³¹⁵ வந்ததா? அப்படியானால் காரணம் தெளிவு. உங்கள் ஃபோர்ட்ரான் கோப்பில் ரியல் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அதன் இயல்பான அளவு 32 பிட். பைத்தானின் ஃப்ளோட்டோ சி மொழியின் டபிள், 64 பிட். 0.62-இன் 32 பிட் வடிவம் ரிஜிஸ்டரின் கீழ்ப்பாதியில் உட்கார்ந்திருக்க, மேல்பாதி பூச்சியமாகக் கிடக்க, இரண்டையும் சேர்த்து ஒரே டபிளாகப் படித்தால் சரியாக அந்தச் சிற்றெண்தான் கிடைக்கும். பத்தின் அடுக்கு −310-ஐத் தாண்டிய எண்ணைக் கண்டால் நான் முதலில் ஐயுறுவது இதைத்தான். கணக்கைப் பிறகுதான் பார்ப்பேன்.

இதே தவறு அனுப்பும் பக்கத்திலும் நடந்துகொண்டிருக்கிறது, அது இன்னும் நயவஞ்சகமானது. 6.0 என்ற டபிளின் கீழ் நான்கு பைட்டுகளும் பூச்சியம். ஃபோர்ட்ரான் அந்த நான்கை மட்டும் படிப்பதால், 6 மணி என்று நீங்கள் கொடுத்தது அதற்கு 0 மணியாகப் போய்ச் சேர்கிறது. 7 மணியும் அப்படியே, ஆறரை மணியும் அப்படியே. ஆகவே ரெஸ்டைப்பை மட்டும் 32 பிட் வகையான சி_ஃப்ளோட் என்று திருத்தினால், பார்ப்பதற்கு நம்பத்தக்க உயரம் ஒன்று வரும்; ஆனால் நாள் முழுவதும் கடல் அசையாது. இரு பக்கத்தையும் சேர்த்துத் திருத்துங்கள்.

ஏப்ரல் 17, மாலை

மணியை நேரடியாகக் கொடுத்தால் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுவது ஏன், முகவரியை அனுப்பும் பைரெஃப் போட்டால் மட்டும் ஓடுவது ஏன் என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். சி மொழி கணக்கு நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறது. ஃபோர்ட்ரான் நோட்டையே கையில் கொடுத்துவிடுகிறது. ஃபோர்ட்ரான் செயற்கூறு தன்னிடம் வருவது முகவரி என்று நம்பியே தொடங்கும். நீங்கள் 6 என்ற முழு எண்ணை அனுப்பினால், அது நினைவகத்தின் 6-ஆம் முகவரிக்குப் போய்ப் படிக்க முயலும். இயங்குதளம் கழுத்தைப் பிடித்துவிடும்.

நோட்டையே கொடுக்கும் வழக்கத்துக்குப் பழைய விலை ஒன்று உண்டு. பழைய சில கம்பைலர்களில், 1 என்ற மாறிலியை அனுப்பி, உள்ளே துணைநிரல் அதை 2 ஆக்கிவிட்டால், அதன் பிறகு நிரலில் 1 என்று எழுதிய இடமெல்லாம் 2 ஆகிவிடும். இன்றைய கம்பைலர்கள் பெரும்பாலும் மாறிலியைப் படிக்க மட்டும் உரிய நினைவகத்தில் வைப்பதால் நிரல் அங்கேயே விழுகிறது. விழுவதே மேல்.

ஏப்ரல் 19

ஒற்றை எண் முடிந்தது, இனி அணி, அதாவது எண்களின் அட்டவணை. இதைச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் மேலே சொன்னவற்றில் நிரல் விழும் அல்லது உளறும், அணியிலோ அது பணிவாகப் பொய் சொல்லும்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் தூத்துக்குடிப் பக்கத்து வான் தீவு முதல் மண்டபத்தை ஒட்டிய சிங்கில் தீவு வரை 21 தீவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளின் 24 மணிக்குமான உயரத்தை 21க்கு 24 என்ற அணியில் ஃபோர்ட்ரான் நிரப்பித் தருகிறது. சி மொழியில் எழுதிய பகுதி அதை வாங்கிப் படம் வரைகிறது. என் மேசைக்கு வந்த படத்தில் முதல் தீவுக்கான கோடு ஏறக்குறைய நேராக இருந்தது. கடைசி மூன்று மணியில் மட்டும் சிறு படி. இந்தக் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் "நம் கடல் இப்படித்தான்" என்று சொல்லி அனைவரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில் அது ஒரு தீவின் நாளே அல்ல. ஃபோர்ட்ரான் நினைவகத்தில் முதல் குறியெண்ணை விரைந்து நகர்த்தும்: முதல் மணிக்கு 21 தீவுகள், பிறகு இரண்டாம் மணிக்கு 21 தீவுகள் என்று அடுக்கும். சி மொழி கடைசிக் குறியெண்ணை விரைந்து நகர்த்தும். ஆகவே சி படித்த முதல் 24 எண்கள், முதல் மணியில் 21 தீவுகளின் உயரமும் இரண்டாம் மணியில் மூன்று தீவுகளின் உயரமும் ஆகும். பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் ஒரே நேரத்தில் உயரம் பெரிதாக மாறாது. அதனால்தான் நேர்கோடு, அதனால்தான் அந்த மூன்று மணிப் படி. மொத்தம் 504 எண்கள், 4032 பைட், இரு பக்கமும் டபிள், அளவில் ஓர் எண்கூடக் குறையவில்லை. வகை முற்றிலும் பொருந்துகிறது. எந்தக் கருவியும் எச்சரிக்கவில்லை.

ஃபோர்ட்ரானில் தீவு 1 முதல் 21 வரை, சி மொழியில் 0 முதல் 20 வரை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், எல்லோரும் மறப்பதும்தான்.

ஏப்ரல் 20

"அப்படியானால் அணியைத் திருப்பிப் போட்டுவிட்டு அனுப்பலாமே" என்று கேட்டிருப்பவருக்கு: தேவையில்லை. சி பக்கத்தில் அதே நினைவகத்தை 24க்கு 21 என்று அறிவித்து, மணியை முதலிலும் தீவை இரண்டாவதாகவும் எழுதினால் போதும். ஓர் எண்ணைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை.

பைத்தானின் எண் கணக்கு லைப்ரரியான நம்பையின் அணிகளை, ஃபோர்ட்ரானோடு இணைக்கும் கருவியான எஃப்டூபை மூலம் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. உள்ளீடு என்று மட்டும் அறிவித்த அணி, சி வரிசையில் இருந்தால், எஃப்டூபை சத்தமில்லாமல் ஃபோர்ட்ரான் வரிசையில் ஒரு படி எடுத்து அதைத்தான் உள்ளே அனுப்பும். துணைநிரல் அந்தப் படியில் எழுதும் மாற்றம் உங்கள் அணிக்கு வந்து சேராது. முடிவை வெளியீடாக அறிவித்துத் திரும்பப் பெறுவதே என் வழக்கம். கொடுத்த அணியிலேயே மாற்றிக் கொடுக்கச் சொல்வது வேகமாக இருக்கலாம், ஆனால் எது என் அணி, எது அதன் படி என்ற ஐயத்தோடு இரவில் உறங்க முடியாது.

ஏப்ரல் 22

சரங்களைப் பற்றி ஏன் பேச்சே இல்லை என்று தொண்டிக்காரர் நினைவூட்டினார். சி மொழியில் சரம் பூச்சிய பைட்டில் முடிகிறது. ஃபோர்ட்ரானில் நீளம் முன்கூட்டியே நிலையானது, மிச்ச இடம் வெற்றிடத்தால் நிரப்பப்படுகிறது. பைத்தானில் சரம் பைட்டுகளே அல்ல, யூனிகோட் குறிகளின் வரிசை. அனுப்புவதற்கு முன் யூடிஎஃப்-8 ஆக மாற்றியாக வேண்டும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும் வரை இந்த மூன்றும் ஒன்று போலவே தோன்றும். தமிழில் ஊர்ப்பெயரை அனுப்பினால் வேறுபாடு வெளிச்சத்துக்கு வரும்.

ஃபோர்ட்ரான் பக்கத்தில் துறைமுகத்தின் பெயருக்கு 20 எழுத்து ஒதுக்கியிருந்தார்கள். 20 எழுத்து என்றால் இங்கே 20 பைட். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். பாம்பன் என்ற பெயரில் ப, துணைக்கால், ம, புள்ளி, ப, ன, புள்ளி என்று ஏழு குறிகள், 21 பைட். கடைசிப் புள்ளியின் மூன்றாவது பைட் வெட்டுப்பட்டு, "பாம்பன" என்பதற்குப் பின் ஒரு கருப்புக் கேள்விக்குறி நிற்கும். மண்டபமும் 21, ஏர்வாடியும் 21, கீழக்கரை 24. ராமேஸ்வரம் 30; அது நடுவிலேயே முறிந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஃபோர்ட்ரான் துணைநிரலுக்குச் சரத்தை அனுப்பும்போது அதன் நீளமும் கண்ணுக்குத் தெரியாத அளபுருவாக (அழைப்பில் கொடுக்கும் உள்ளீடாக) கடைசியில் போகிறது. ஜிஃபோர்ட்ரான் என்ற கம்பைலரில் அது மதிப்பாகவே போகும், முகவரியாக அல்ல. ஜிஃபோர்ட்ரான் அடங்கிய கம்பைலர் தொகுப்பான ஜிசிசியின் 2018-இல் வந்த 8-ஆம் பதிப்பில் அந்த நீளத்தின் வகை இன்ட் என்பதிலிருந்து சைஸ்_டி ஆக மாறியது. நேரியல் இயற்கணித லைப்ரரியான லேபேக்கின் துணைநிரல்களைச் சி மொழியிலிருந்து அழைத்தவர்கள் பலர், அனுப்புவது ஒற்றை எழுத்துத்தானே என்று நீளத்தை விட்டுவிட்டே காலம் தள்ளினார்கள், ஒன்றும் ஆகவில்லை. கம்பைலரின் உகப்பாக்கம் வலுவானபோது, அழைக்கப்பட்ட துணைநிரல் நீளத்துக்கான அந்த ஸ்டாக் இடம் தனக்கு உரியது என்று நம்பி அதில் எழுதத் தொடங்கியது. அழைத்தவரின் தரவு அழிந்தது. 2019-இல் ஆர் மொழிக்காரர்கள் இதைத் தோண்டி எடுத்தார்கள், ஜிசிசியிலும் ஒரு தணிப்பு வழி சேர்க்கப்பட்டது. நெடுங்காலம் ஓடியது என்பது சரியாக எழுதப்பட்டது என்பதற்குச் சான்று ஆகாது.

ஏப்ரல் 22, இரவு

"எங்கள் ஊர்ப்பெயர் மட்டும் சரியாக வருகிறதே" என்று தொண்டிக்காரர் பெருமைப்பட்டிருக்கிறார். தொண்டிக்கு ஆறு குறிகள், 18 பைட், அதனால் தப்பித்தது. சில விசைப்பலகைகளும் கோப்புகளும் "தொ"-வின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக எழுதும். அப்போது அதுவும் 21 ஆகிவிடும். மகிழ்ச்சியை ஒத்திவையுங்கள்.

ஏப்ரல் 26

முதல் இரவு எழுதியதற்கு ஒரு வரம்பு சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆர்ஏஎக்ஸ், எக்ஸ்எம்எம்0 என்று சொன்னதில் "64 பிட் லினக்ஸ்" என்ற சொற்களைப் பலர் விட்டுவிட்டுப் படிக்கிறார்கள். அதே சில்லில் விண்டோஸ் வேறு உடன்பாட்டைப் பின்பற்றுகிறது. லினக்ஸில் முதல் ஆறு முழு எண்கள் ரிஜிஸ்டரில் போகும். விண்டோஸில் முதல் நான்கு அளபுருக்கள் மட்டுமே. சி மொழியின் லாங் லினக்ஸில் எட்டு பைட், விண்டோஸில் நான்கு. ஆகவே எல்லைக் கோட்டில் லாங் என்ற வகையை நான் அனுமதிப்பதில்லை. 32 பிட் அல்லது 64 பிட் என்று அளவைப் பெயரிலேயே சொல்லும் வகைகளைத்தான் எழுதுவேன்.

பழைய 32 பிட் இன்டெல்லில் தசம எண் திரும்பும் இடம், தசமக் கணக்குக்கான எக்ஸ்87 பகுதியின் சிறு அடுக்கு. அதில் எட்டு இடங்கள் மட்டுமே உண்டு. செயற்கூறு வைத்துவிட்டுப் போன மதிப்பை, அது இன்ட் தரும் என்று நம்பும் அழைப்பவர் எடுக்காமல் விட்டால், ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் இடம் அடைபடும். எட்டும் அடைபட்ட பிறகு, இதற்குத் தொடர்பே இல்லாத வேறொரு கணக்கில் "எண் அல்ல" என்ற குறி தோன்றும். பிழை இருக்கும் இடம் ஒன்று, அழுகை கேட்கும் இடம் வேறொன்று. சி மொழியில் அறிவிக்காத செயற்கூற்றை இன்ட் தருவதாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை 1999 தரநிலை நீக்கியது. ஆனால் ஜிசிசி அதைப் பிழையாகவே நிறுத்தியது 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பில்தான்.

படகில் வைக்கும் சிறு கருவிக்காகக் கேட்டவருக்கு: 32 பிட் ஏஆர்எம் சில்லில், தசம எண்ணைச் சாதாரண ரிஜிஸ்டரில் அனுப்பும் மென்மிதவை, தனி ரிஜிஸ்டரில் அனுப்பும் வன்மிதவை என்று இரண்டு உடன்பாடுகள். முதலாவதில் ஓர் இன்டும் அடுத்து ஒரு டபிளும் அனுப்பினால், இன்ட் ஆர்0-வில் போகும், டபிள் ஆர்1-ஐ விட்டுவிட்டு ஆர்2, ஆர்3 இரண்டிலும் போகும். இரண்டாவதில் அதே டபிள் டி0-வில் போகும். லைப்ரரி எதற்குத் தொகுக்கப்பட்டது என்று பார்க்காமல் தரவிறக்காதீர்கள்.

மே 3

நினைவகம் யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். சி செயற்கூறு மேலாக் செய்து (நினைவகம் ஒதுக்கி) ஒரு சரத்தைத் திருப்பித் தருகிறது, பைத்தானில் ரெஸ்டைப்பைச் சி_சார்_பி என்று எழுதுகிறீர்கள். சிடைப்ஸ் அதை உடனே பைத்தானின் பைட்ஸ் ஆகப் படியெடுத்துத் தந்துவிடும். மூல பாயின்டர் உங்கள் கைக்கு வருவதே இல்லை, ஆகவே அதை விடுவிக்கவும் வழியில்லை. ஒவ்வோர் அழைப்பிலும் நினைவகம் கசியும். பாயின்டராகவே வாங்கி, படித்து, அதே லைப்ரரி தரும் விடுவிப்புச் செயற்கூற்றிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறொரு லைப்ரரியின் ஃப்ரீயிடம் கொடுப்பது விண்டோஸில் குறிப்பாக ஆபத்து, ஏனெனில் இரண்டும் வெவ்வேறு நினைவகக் கிடங்கை (ஹீப்) வைத்திருக்கக்கூடும்.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல். பைத்தான் செயற்கூற்றை, பின்னர் திரும்ப அழைக்கும்படி, கால்பேக்காகச் சி பக்கம் கொடுத்துவிட்டு, அந்தப் பொருளைப் பைத்தானில் ஒரு மாறியில் பிடித்து வைக்காவிட்டால், குப்பை சேகரிப்பான் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். சி பின்னர் அழைக்கும்போது அந்த முகவரியில் யாரும் இருக்க மாட்டார்கள். கோ மொழி இதில் கண்டிப்பானது: வெளிப்படையாக நிலைநிறுத்தி வைத்தாலன்றித் தன் பாயின்டரை அழைப்பு முடிந்த பிறகும் சி வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதியே வகுத்திருக்கிறது.

என் விருப்பம் எளியது. முடிவுக்கான இடத்தை அழைப்பவரே ஒதுக்கி, அதன் அளவையும் சேர்த்துக் கொடுக்கட்டும். அழைக்கப்படுபவர் அதில் எழுதிவிட்டு, நிலைக்குறி ஒன்றை மட்டும் இன்டாகத் திருப்பட்டும்.

மே 4

கீழக்கரையிலிருந்து ஒருவர், "காக்கா (அண்ணா), இவ்வளவு பாடு எதற்கு? எல்லாவற்றையும் பைத்தானிலேயே திரும்ப எழுதிவிடுங்கள்" என்கிறார். தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. ஒரே ஒரு கணக்கு என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 12.42 மணி, 12 மணி, 23.93 மணி, 25.82 மணி என்று பல சுழற்சிகளின் கூட்டாக உயரத்தைத் தரும் இந்த நிரலின் ஒவ்வொரு மாறிலியும் பல ஆண்டு அளவீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. திரும்ப எழுதினால் அந்தச் சரிபார்ப்பையும் திரும்பச் செய்ய வேண்டும். எல்லைக் கோட்டை ஒழுங்காக எழுதுவது அதைவிட மலிவு.

ஒழுங்காக எழுதுவது என்றால், ஃபோர்ட்ரான் 2003 தந்திருக்கும் சி பிணைப்பைப் பயன்படுத்துவது. பைண்ட்(சி) என்று எழுதினால், ஃபோர்ட்ரான் கம்பைலர் செயற்கூற்றுப் பெயரின் வாலில் ஒட்டும் அடிக்கோடு போய்விடும்; வேல்யூ என்று எழுதினால் முகவரிக்குப் பதில் மதிப்பே வரும்; சி_டபிள் என்று வகையைச் சொன்னால் 32, 64 குழப்பமும் தீரும். பழைய துணைநிரலைத் தொடாமல், அதன் முன்னால் இப்படி ஒரு சிறு வாசல் செயற்கூற்றை நிறுத்தினால் போதும். பைத்தான் அந்த வாசலை மட்டும் அறிந்தால் போதுமானது.

மே 11

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையில். ஜெட்டியில் பேச ஆள் கிடைக்கிறது. ஆழ அட்டவணையைப் பார்த்த பாம்பன் சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவர், "இது பாகமா, மீட்டரா?" என்று கேட்டார். இந்த இழையில் இதுவரை எவரும் கேட்காத கேள்வி. ஒரு பாகம் ஏறக்குறைய 1.83 மீட்டர். பாக் நீரிணையில் 5 பாகமும் நம்பத்தக்க ஆழம், 5 மீட்டரும் நம்பத்தக்க ஆழம். இரண்டும் டபிள், இரண்டும் எக்ஸ்எம்எம்0-வில் வரும், பைண்ட்(சி)யும் அதைத் தடுக்காது. அன்று முதல் வாசல் செயற்கூறுகளின் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிட்டேன்: ஆழம்_மீட்டர், உயரம்_மீட்டர், நேரம்_மணி. மணிக்கும் பக்கத்தில் இந்திய நேரமா, கிரீன்விச் நேரமா என்று குறித்தாகிவிட்டது. ஐந்தரை மணி வேறுபாடு ஏற்றத்தை வற்றமாக்கிக் காட்டிவிடும்.

தரவு இல்லாத இடத்துக்கு −9999 என்று மதிப்பிலேயே எழுதித் திருப்பும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். யாராவது ஒருவர் அதையும் சேர்த்துச் சராசரி எடுப்பார். நிலைக்குறி தனியே போகட்டும்.

மே 12

தொண்டிக்காரர் தன் வாசல் கோப்பை அனுப்பியிருந்தார். படித்துப் பார்த்தேன். மூன்றாவது அளபுருவான அணிக்கும் வேல்யூ என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒற்றை எண்களுக்கு உரியது, அணிக்குப் பொருந்தாது, எடுத்துவிடுங்கள். பைத்தான் பக்கத்தில் ரெஸ்டைப்போடு, அனுப்பும் மதிப்புகளின் வகையைச் சொல்லும் ஆர்க்டைப்ஸையும் நிரப்புங்கள். அப்போது தவறான வகையைக் கொடுத்தால் லைப்ரரிக்குள் நுழையும் முன்பே பைத்தான் நிறுத்திவிடும். மற்றவை சரி, ஓட்டலாம்.